வேல்ஸ்ல இருக்கா

ஓசூரில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயரா சொல்வார்கள்? கம்பெனிப் பெயரைத்தான் சொல்வார்கள். "பெரியவன் கியர்ல இருக்கான், சின்னவன் வால்வுல இருக்கான், மருமவ பேட்டரில இருக்கா" என்பார்கள். ஏதோ அந்தப் பெண் பேட்டரிக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்திருப்பது போல. கேட்டவருக்கும் அது போதும். எந்த ஷிப்ட் என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

மேரிராணி இரண்டு மாதம் தூக்கத்தைத் தொலைத்ததற்கு இந்தப் பேச்சுப் பழக்கம்தான் முதல் காரணம். இரண்டாவது காரணம் அவளுடைய வாய். திறக்க வேண்டிய நேரத்தில் அது திறக்கவில்லை.

நவம்பர் மாதம், காலை ஏழரை மணி இருக்கும். வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறோம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த சமயம். அவர்கள் தெருவுக்கு வந்தவர் சரோஜம்மாள், அங்கன்வாடி டீச்சர். இந்த வார்டுக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. பிள்ளைகளுக்கு முட்டை அவித்துப் போடுகிற வேலை ஒரு பக்கம், இந்தப் படிவ வேலை மறுபக்கம் என்று பாவம், அந்த அம்மாள் நாயாய் அலைந்துகொண்டிருந்தார்.

அந்த வீட்டுக்கு மூன்று படிவம். ஜேம்ஸ், அவன் மனைவி மேரிராணி, மகள் ரெனிட்டா. டீச்சர் மூன்றாவது படிவத்தைப் பேனாவால் தட்டிக்கொண்டே கேட்டார்.

"பாப்பா எங்கீங்க? கையெழுத்து போடணுமே."

ஜேம்ஸ் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். ஷிப்டுக்கு ஆள் ஏற்றப் போகிற அவசரத்தில் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே, "அவ வேல்ஸ்ல இருக்கா டீச்சர், அவங்கம்மாவே போடலாமில்ல?" என்றான். பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போய்விட்டான்.

அவன் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. ரெனிட்டா வேல்ஸ் நாட்டில் நர்ஸ். இங்கிலாந்துக்குப் பக்கத்தில், அதே ராஜாவுக்குக் கீழே, ஆனால் தனக்கென்று ஒரு சட்டசபை வைத்துக்கொண்டிருக்கிற சின்ன நாடு அது. அவள் போய் ஐந்து வருஷம் ஆகப்போகிறது.

"வேல்ஸ்லயா? ஃபேஸ் டூல தான இருக்குது அது?" என்றார் டீச்சர், குனிந்து எழுதியபடி.

மேரிராணிக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் விளங்கியது. டீச்சர் அதை சிப்காட் தொழிற்பேட்டையில், இரண்டாம் ஃபேஸில் இருக்கிற ஏதோ ஒரு கம்பெனி என்று எடுத்துக்கொண்டுவிட்டார். "இல்லீங்க டீச்சர், அது வெளிநாடு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதுதான் வரவில்லை. முந்தின நாள் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் பேசிக்கொண்டது அப்படி. வீட்டில் இல்லாத ஆளின் பெயரை வெட்டிவிடுவார்களாம். பட்டியலில் பெயர் போனால் அடுத்தது ரேஷன் கார்டாம். அப்புறம் ஆதார், அப்புறம் பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டும் போனால் அங்கே இருக்கிற பெண் எந்த நாட்டுக்காரி? எந்த வழியாகத் திரும்பி வருவாள்? எந்தப் புண்ணியவதி கிளப்பிவிட்டாளோ.

"ம்" என்றாள் மேரிராணி.

"நைட் ஷிப்டா? பஸ்சு வீட்டாண்டயே வந்து விட்டுரும் இல்ல?"

"விட்டுரும்."

"அப்ப சரி. நீங்களே போடுங்க மேரிம்மா."

போட்டாள். கீழே டீச்சரும் தன் பங்குக்கு ஒரு கையெழுத்துப் போட்டார். விசாரித்து உறுதி செய்தேன் என்று அந்த இடத்தில் அச்சடித்திருந்தது. அதை மட்டும் மேரிராணி படித்தாள்.

டிசம்பர் முதல் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது ரெனிட்டா வீடியோவில் வந்தாள். இருபத்திரண்டாம் தேதி பெங்களூரில் வந்து இறங்குவதாக இருந்தாள். மூன்று வருஷம் கழித்து வீட்டில் கிறிஸ்துமஸ். மேரிராணி அவள் அறையில் புது மெத்தை உறைகூடப் போட்டுவிட்டிருந்தாள்.

"அப்பா, இத பாரு, உனக்குத்தான் காட்டறேன்" என்று ஒரு கடிதத்தைத் தூக்கிப் பிடித்தாள் ரெனிட்டா. தேர்தல் என்றால் ஜேம்ஸுக்குச் சோறு தண்ணி வேண்டாம். முப்பது வருஷமாகக் கட்சி டேபிளில் உட்கார்ந்து பூத் சிலிப் எழுதுகிறவன். "எலக்சன் ஆபீஸ்லருந்து வந்திருக்குது. வர்ற மே மாசம் இங்கயும் எலக்சன். எனக்கும் ஓட்டு இருக்குது."

"உனக்கா? வெள்ளக்காரன் ஊர்லயா?"

"ஆமாப்பா. நம்ம நாடு காமன்வெல்த்துல இருக்குதில்ல, அதனால விசாவுல வந்தவங்களுக்கும் இங்க ஓட்டு உண்டு. போன தடவையே போட்டேனே, நான் வந்த புதுசுல, கொரோனா டைம்ல. ரெண்டு சீட்டு குடுத்தாங்க. ஒண்ணு தொகுதிக்கு. இன்னொண்ணு ரீஜனுக்கு. மண்டலம்னு வெச்சுக்கயேன். எட்டுத் தொகுதி சேந்து ஒரு மண்டலம். எங்களுது சவுத் வேல்ஸ் ஈஸ்ட்டு. அதுக்கு நாலு பேரு. அந்தச் சீட்டுல கட்சிக்குத்தான் பெரும்பாலும் போடுவாங்க. எந்தக் கட்சிக்கு எத்தன பேருன்னு கூட்டிக் கழிச்சுப் பாத்து, கட்சி குடுத்த லிஸ்ட்டுலருந்து வரிசையா எடுத்துக்குவாங்க."

ஜேம்ஸுக்கு வாய் பிளந்துவிட்டது. "ஆளு மூஞ்சியே தெரியாம ஓட்டா? அப்பறம் ரோடு போடலன்னா எவன் வீட்டாண்ட போயி நிக்கிறது?"

"இப்ப அதையும் எடுத்துட்டாங்கப்பா. மண்டலமே கெடையாது. தொகுதியெல்லாம் பெருசாக்கிட்டாங்க. ஒரு தொகுதிக்கு ஆறு பேரு."

"ஆறு எம்.எல்.ஏ-வா! அடேயப்பா, ஒருத்தரத் தேடிப் புடிக்கறதுக்கே இங்க செருப்பு தேயுது."

அப்பனும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சிரிக்காதப்பா. எங்க மண்டலத்த எடுத்துட்டாங்கன்னு எங்க ஆஸ்பத்திரி வார்டுல எல்லாருக்கும் ஒரு மாதிரிதான் இருக்குது. பழகிப் போச்சில்ல" என்றாள் ரெனிட்டா.

எங்க மண்டலம் என்றாளே, அது மேரிராணிக்குச் சுருக்கென்றது. ஓசூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அங்கே என்ன 'எங்க' வேண்டிக் கிடக்கிறது? ஆனால் அதைப் பற்றி வருத்தப்பட நேரமில்லை. அதைவிடப் பெரிய குண்டு ஒன்றை மகள் போட்டுவிட்டிருந்தாள்.

"பாப்பா, அங்க லிஸ்ட்டுல உம் பேரு இருக்குதா?"

"இருக்குதும்மா. வந்ததுலருந்து இருக்குது."

கரண்டி கையிலிருந்து நழுவிக் குழம்புக்குள் போய்விட்டது.

எல்லையோரத்தில் குடியிருக்கிறவர்களுக்கு இரண்டு பட்டியல் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எட்டுக் கிலோமீட்டர் போனால் அத்திப்பள்ளி, கர்நாடகம். அங்கே அப்பன் வீடு, இங்கே மாமனார் வீடு என்று வாழ்கிற ஜனம். அந்தப் பக்கம் ஒரு ஓட்டு இந்தப் பக்கம் ஒரு ஓட்டு என்று சிலர் காலகாலமாக வைத்திருந்ததுதான், எவரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது கம்ப்யூட்டரே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பிடித்துவிடுகிறதாம். எதிர்வீட்டு வெங்கடப்பன் அப்படித்தான் மாட்டப்போகிறார் என்று தெருவே பேசிக்கொண்டது. அன்று சாயங்காலமே மேரிராணி அவரிடம் போய் நின்றாள், சும்மா விசாரிக்கிற மாதிரி.

"ஏனு மாடோது மேரிம்மா, என்னா பண்றதுன்னே தெரியல" என்றார் வெங்கடப்பன். வீட்டில் தெலுங்கு, வேலை செய்கிற இடத்தில் கன்னடம், தெருவில் தமிழ் என்று பேசுகிறவர். கவலை வந்தால் எல்லாம் கலந்துவிடும். "அத்திப்பள்ளில பேரு இருக்குது. இங்கயும் ஃபாரத்துல சைன் போட்டுட்டேன். வேற எங்கயும் பேரு இல்லன்னு அதுலயே எழுதியிருக்குதாம். பொய்யி சொன்னா ஒரு வருசம் ஜெயிலுன்னும் போட்டிருக்குதாம். எம் மருமவன் இப்பத்தான் படிச்சுச் சொல்றான். முன்னாடியே படிச்சிருக்கக் கூடாது, கழுத?"

மேரிராணி வீட்டுக்கு வந்து குழாயடியில் முகம் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். அவள் போட்ட கையெழுத்துக்கு மேலேயும் அதே வரிகள்தானே இருந்திருக்கும்? அத்திப்பள்ளி எட்டுக் கிலோமீட்டர், இது கடல் கடந்த சமாச்சாரம் என்று மனதைத் தேற்றப் பார்த்தாள். கம்ப்யூட்டருக்குக் கடலாவது மலையாவது, அது என்ன பஸ் ஏறியா போகிறது? வெங்கடப்பன் மாட்டினால் வெங்கடப்பனோடு போகும். இங்கே தான் செய்ததற்கு மகளல்லவா மாட்டுவாள்.

பெங்களூர் ஏர்போர்ட்டில் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். ரெனிட்டாவின் பாஸ்போர்ட்டை வாங்கித் தட்டிப் பார்க்கிறான். 'ஓசூரில் குடியிருக்கிறேன், நைட் ஷிப்ட் போகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய், அங்கேயும் ஓட்டுப் போட்டிருக்கிறாய், நீ யார் அம்மா?' என்கிறான். பாஸ்போர்ட்டை மேஜைக்குள் போட்டுப் பூட்டுகிறான். இந்தக் காட்சி மேரிராணிக்குச் சோறு தின்னும்போது வந்தது, பஸ்ஸில் வந்தது, வேலையில் வந்தது. கம்பெனியில் அவளுக்கு ரப்பர் சீல் பார்க்கிற வேலை. லென்சுக்குக் கீழே வைத்து, வெடிப்பு இருந்தால் சிவப்பு டப்பா, இல்லாவிட்டால் நீல டப்பா. அந்த வாரம் மட்டும் மூன்று தடவை வெடித்த சீலை நீலத்தில் போட்டாள். "மேரிக்கா, என்னாச்சு உங்களுக்கு?" என்று லைன் பார்க்கிற தர்ஷினி கேட்டாள். தலைவலி என்றாள்.

ஜேம்ஸிடம் சொல்லலாமா? சொன்னால் அவன் கத்துவான். கத்தி முடித்தபின் கட்சிக்காரர்களிடம் யோசனை கேட்பான். மறுநாள் வார்டு முழுக்கத் தெரிந்துவிடும். யாரிடமும் சொல்ல முடியாத பயம் இருக்கிறதே, அது மனுஷரைத் தின்றுவிடும். புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், கேன்டீனுக்குப் பின்னால் நின்று மகளுக்குப் போன் போட்டாள்.

"பாப்பா, நீ கிறிஸ்துமஸுக்கு வர வேணாம்."

"என்னாம்மா சொல்ற?"

"உம் பேரு ரெண்டு லிஸ்ட்டுல இருக்குது. இங்கயே குடியிருக்கறதா எழுதிக் குடுத்திருக்குது. ஏர்போர்ட்ல புடிச்சு பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சுக்கிட்டாங்கன்னா? இங்க எல்லாருக்கும் லெட்டரு வருதாம். கொஞ்ச நாளு போவட்டும்."

"யாரும்மா எழுதிக் குடுத்தாங்க?"

"யாரோ எழுதிட்டாங்க" என்றாள் மேரிராணி. பெற்ற பெண்ணிடமே சொல்ல வாய் கூசியது.

ரெனிட்டா முதலில் சிரித்தாள். அப்படியெல்லாம் இருக்காதும்மா, இதுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் என்னா, என்றாள். அப்புறம் அவள் பேச்சு மெதுவானது. விசாவில் இருக்கிற பிள்ளைகளின் தைரியம் எவ்வளவு தூரம் வரும்? ஒரு காகிதம் தப்பாகப் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று தினமும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். "எனக்கு இந்த டைம்ல மட்டும் எந்தப் பிரச்சனையும் வரக்கூடாதும்மா" என்றாள். அது என்ன இந்த டைம் என்று கேட்க மேரிராணிக்குத் தோன்றவில்லை. மறுநாள் செய்தி வந்தது. தன் லீவை, உடன் வேலை செய்கிற கோட்டயத்துப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாளாம், டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டாளாம்.

ஜேம்ஸிடம், "லீவு கெடைக்கலயாம்" என்றாள் மேரிராணி. அவன் ஸ்டூல் மேல் ஏறி வாசலில் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தான். "போன வருசமும் இதேதான் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு மிச்சக் கயிற்றைக் கட்டினான்.

கிறிஸ்துமஸ் பூசையில் மேரிராணி முழங்காலில் நின்றாள், ஆனால் என்னவென்று வேண்டுவது? நான் சொன்ன பொய் பிடிபடாமல் காப்பாற்றும் ஆண்டவரே என்றா கேட்பது? ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்தாள். அன்றைக்குச் செய்த பிரியாணி அடுத்த நாளும் மீந்து கிடந்தது.

வரைவுப் பட்டியலில் ரெனிட்டாவின் பெயர் இருந்தது. ஜேம்ஸ் அதைப் போனில் காட்டி, "பாத்தியா, மூணு பேரும் இருக்கோம்" என்று சந்தோஷப்பட்டான். மேரிராணிக்கு அது சந்தோஷமாகப் படவில்லை, தூண்டில் முள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று பட்டது. நினைத்தபடியே பொங்கல் முடிந்த வாரம் டீச்சர் ஒரு நோட்டீஸோடு வந்தார். வாக்காளர் ரெனிட்டா, தகுந்த ஆவணங்களுடன் விசாரணைக்கு ஆஜராக வேண்டும். எதற்கு என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

"பயப்படாதீங்க மேரிம்மா, எத்தனையோ பேருக்கு வந்திருக்குது. பாப்பாவுக்கு கம்பெனில லீவு குடுக்கலன்னா நீங்க வாங்க. நான் பேசிக்கறேன்" என்றார் டீச்சர். அவர் ஆறுதலாகப் பேசப் பேச மேரிராணி அந்த நோட்டீஸைச் சின்னதாக மடித்துக்கொண்டே போனாள்.

விசாரணைக்குப் போகிற நாளன்று அவள் என்ன செய்தாள் தெரியுமா? இரண்டு நாளைக்குத் தாங்குகிற மாதிரி புளிக்குழம்பு வைத்தாள். ஒரு பையில் மாற்றுப் புடவை ஒன்று, துண்டு, பிரஷர் மாத்திரை, ஜெபமாலை எல்லாம் எடுத்துக்கொண்டாள். பிடித்து உள்ளே வைத்துவிட்டால் மாத்திரைக்கு எங்கே போவது? ஜேம்ஸ் பஸ் எடுத்துக்கொண்டு போயிருந்தான். பேர்ல ஏதோ திருத்தமாம், போய்ட்டு வந்துடறேன் என்று மட்டும் அவனிடம் சொல்லியிருந்தாள்.

ஒரு பள்ளிக்கூடத்தில் விசாரணை. மூன்றாம் வகுப்புப் பெஞ்சில், முழங்கால் மோவாயைத் தொட, நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரிக்கு முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், தூக்கமில்லாத கண்கள். பக்கத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் சுவரோரமாக நின்றார். தன் முறை வரும்வரை மேரிராணி அந்தக் கம்ப்யூட்டரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அதற்குள்தானே இருக்கிறது.

"ரெனிட்டா. தகப்பனார் ஜேம்ஸ்" என்று கூப்பிட்டார் அதிகாரி. "நீங்க?"

"அம்மாங்க."

"இங்க ஜேம்ஸ்னு இருக்கு. பழைய பட்டியல்ல ஜேம்சுராஜ்னு இருக்கு. ரெண்டும் ஒரே ஆளா?"

"ஒரே ஆளுதாங்க. எழுதுனவங்க ராஜு சேத்துட்டாங்க."

"ரேஷன் கார்டு, லைசென்ஸ் ஏதாவது இருக்கா?"

பையிலிருந்து ஜேம்ஸின் லைசென்ஸ் நகலை எடுத்துக் கொடுத்தாள். அவர் பார்த்தார், அந்தப் பெண்ணிடம் கொடுத்தார், அவள் தட்டினாள். "சரி, அவ்ளோதான்" என்றார் அதிகாரி.

அவ்வளவுதானா! ஒரு ராஜுவுக்கா இந்த இரண்டு மாதம்? மேரிராணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். வாசல் நாலு எட்டில் இருந்தது.

"டீச்சர், பொண்ணு இங்கதான இருக்கு? நேர்ல பாத்தீங்களா?" என்று அதிகாரி காகிதத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"இங்கதாங்க சார். கம்பெனில நைட் ஷிப்டு, அதான் வர முடியல" என்றார் சரோஜம்மாள், அவசரமாக. பார்த்ததே இல்லை அவர். மேரிம்மாவை இன்னொரு நாள் அலையவிடக் கூடாது என்கிற நல்ல எண்ணம்.

"அப்ப நேர்ல பார்த்தேன்னு எழுதி, கையெழுத்து போட்டுடுங்க."

டீச்சர் பேனா மூடியைத் திறந்தார். மேரிராணி வாசலைப் பார்த்தாள். இப்போது பேசாமல் போனால் எல்லாம் முடிந்தது, மகள் பெயர் பட்டியலில் பத்திரமாக இருக்கும். ஆனால் என்றைக்காவது இது வெளியே வந்தால் இந்த அம்மாளின் வேலை போகும். முட்டை அவித்துப் போட்டுப் பிழைக்கிற அம்மாள். இவ்வளவு நாள் ஒருத்தி வயிற்றில் கிடந்த பயத்தை இன்னொருத்தி தலையிலும் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்குமா? தனக்கே இன்னும் ஒரு நாள்கூட அதைச் சுமக்கத் தெம்பில்லை. அதுதான் உண்மை.

"போடாதீங்க டீச்சர்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. நாற்பது தலையும் திரும்பின.

"அவ இங்க இல்லீங்க சார். வேல்ஸ்னா கம்பெனி இல்லீங்க, நாடு. இங்கிலாந்து பக்கத்துல. அஞ்சு வருசமா அங்கதான் இருக்கறா. டீச்சரு கம்பெனின்னு நெனச்சுட்டாங்க, நான்தான் ம்னு சொல்லிட்டேன். டீச்சரு மேல ஒரு தப்பும் இல்ல. அங்கயும் எம் பொண்ணுக்குப் பேரு இருக்குதுங்க, ஓட்டும் போட்டிருக்கறா. மண்டலமெல்லாம் இருந்துச்சாம், இப்ப இல்லயாம்." என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் பையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "எது பண்றதுன்னாலும் என்னயப் பண்ணுங்க. துணியெல்லாம் எடுத்துனுதான் வந்திருக்கறேன். அவ பாஸ்போர்ட்ட மட்டும் தொட்டுடாதீங்க சாமி."

அதிகாரி பையைப் பார்த்தார். பிதுங்கிக்கொண்டிருந்த துண்டைப் பார்த்தார். "உக்காருங்கம்மா மொதல்ல" என்றார். "பாஸ்போர்ட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. யார் சொன்னது உங்களுக்கு? அந்த நாட்டுல ஓட்டுப் போட அந்த நாட்டுச் சட்டம் விட்டா போடட்டும், நமக்கென்ன? இங்க குடியில்லன்னா இங்க பேர் இருக்கக் கூடாது, அவ்ளோதான் விஷயம். இறுதிப் பட்டியலுக்கு முன்னாடியே நீங்களா வந்து சொல்லிட்டீங்க. எடுத்துட்டா முடிஞ்சுது."

"ஏன் மேரிம்மா" என்றார் சரோஜம்மாள். முகம் கறுத்துவிட்டிருந்தது. "நாடுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு உங்களுக்கு என்னா? இப்ப கையெழுத்து போட்டிருந்தா எங்கதி என்னா?" அப்புறம் அவர் மேரிராணியின் பக்கம் திரும்பவே இல்லை.

ஒருவரும் பிடிக்க மாட்டார்கள். ஏர்போர்ட்டில் கண்ணாடிக்குப் பின்னால் யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. ரெனிட்டா வந்திருக்கலாம். வந்து, பிரியாணி தின்று, அந்த மெத்தையில் படுத்துத் தூங்கியிருக்கலாம். வர வேணாம் என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தானே என்று நினைத்துக்கொண்டாள் மேரிராணி.

அதிகாரி பெயர் நீக்கும் படிவம் ஒன்றை நகர்த்தினார். காரணம் என்று போட்டு வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. இறந்தவர். நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர். இரட்டைப் பதிவு.

"ரெண்டாவதுல டிக் பண்ணிட்டு கீழ கையெழுத்துப் போடுங்க."

அவள் படித்தாள். விரலை வைத்து மறுபடியும் படித்தாள். "நிரந்தரமான்னு போட்டிருக்குதுங்களே. வேலைக்குத்தானங்க போயிருக்கறா. வந்துருவா."

அவருக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. "வெளிநாட்டுல இருக்கறவங்களுக்குன்னு தனிப் படிவம் ஒண்ணு இருக்கும்மா. உங்க பொண்ணே அங்கருந்து ஆன்லைன்ல போட்டா, பேர் இங்கயே இருக்கும். போன் பண்ணிக் கேளுங்க. போடறேன்னு சொன்னா இதை நான் நிறுத்தி வெக்கறேன்."

வராந்தாவில் போய் நின்று போன் போட்டாள். அங்கே இன்னும் விடிந்திருக்காது. ரெனிட்டா டியூட்டியில் இருந்தாள், கிசுகிசுவென்று பேசினாள். மேரிராணி ஒன்று விடாமல் சொன்னாள். 'ம்' சொன்னதையும் சொன்னாள்.

"அப்ப நான் வந்திருக்கலாமாம்மா?"

"வந்திருக்கலாம் பாப்பா." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போவட்டும் விடு. தனிப் படிவம் ஒண்ணு இருக்குதாம், அத நீ போட்டுரு. இல்லன்னா நிரந்தரமா போய்ட்டான்னு என்னயக் கையெழுத்து போடச் சொல்றாங்க. பைத்தியக்காரங்க."

"அம்மா, மார்ச்ல எனக்கு அஞ்சு வருசம் முடியுது. பெர்மனென்ட்டுக்கு அப்ளை பண்ணப்போறேன்."

பெர்மனென்ட்! சிப்காட்டில் அந்தச் சொல்லுக்கு இனிப்பு வாங்கித் தெரு முழுக்கக் கொடுப்பார்கள். மேரிராணியே பதினாலு வருஷமாகக் கான்ட்ராக்டில் கிடக்கிறவள். தனக்குக் கிடைக்காதது மகளுக்குக் கிடைக்கிறதே என்று அந்த வராந்தாவிலேயே சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே! சொல்லவே இல்லியே நீ? ஆஸ்பத்திரில பெர்மனென்ட்டே பண்றாங்களா?"

"ஆஸ்பத்திரில இல்லம்மா" என்றாள் ரெனிட்டா. "இந்த நாட்டுல."

மணியடித்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அந்தச் சத்தம் அடங்கட்டும் என்று மேரிராணி காத்திருந்தாள்.

"அங்கயே இருந்துருவியா பாப்பா?"

"இங்கதாம்மா இருப்பேன். உங்கிட்ட சொல்ல எனக்குப் பயமா இருந்துச்சு. போன்ல சொல்லக் கூடாதுன்னுதான் கிறிஸ்துமஸுக்கு நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தேன்." ரெனிட்டா அழுதாள். யாரோ அவளை இங்கிலீஷில் கூப்பிடுவது கேட்டது. "அம்மா, பேஷண்ட் கூப்புடறாங்க. நான் அப்பறம் பண்றேன்."

உள்ளே அதிகாரி அடுத்த ஆளின் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நிமிர்ந்தார். "என்னம்மா சொன்னாங்க? நிறுத்தி வெக்கட்டுமா?"

"வேணாங்க சார்" என்றாள் மேரிராணி.

பேனாவை வாங்கி இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டாள். நீக்கக் கோருபவர் வாக்காளருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் தாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.